புதுப்பிப்பு: புது ஊர் ஓபன் மைக்

புது ஊரில் நடக்கும் ஓபன் மைக்கில், அதாவது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறும் நிகழ்ச்சியில், என் பாட்டை யாரும் கவனிக்கவில்லை என்று முன்பு வருத்தப்பட்டு எழுதியிருந்தேன். இரண்டு வாரம் சும்மா போய் மற்றவர்களைக் கேளுங்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி. அப்படியே செய்துவிட்டு நேற்று மறுபடி பாடினேன்.

கிதார் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை 2ஆவது ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தில் உள்ள கட்டத்தில்) மாட்டியதும் சுருதி 2 அரைச்சுரம் ஏறி, பல்லவி குரலுக்குப் பாந்தமாக உட்கார்ந்தது. போன தடவை மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடியதில் அடிக்குரல் கனத்து வரிகளே புரியவில்லை. நாலு விரல் தள்ளி நின்றேன், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

இரண்டாம் சரணத்தில் முன்னால் இருந்த பெண் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கிதாரை உறையில் போடும்போது இன்னொரு பாடகர் வந்து, "அடுத்த வாரமும் வருவீங்கல்ல?" என்றார். பெயர் கொடுத்துவிட்டேன்.