அக்கா மகனின் ஸ்கோர் ஷீட்

அக்கா மகன் ஒரு செஸ் போட்டியில் தோற்றுவிட்டு வந்து, நகர்த்தல்களை எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட்டின் கார்பன் பிரதியை நீட்டினான். "மாமா, லிசெஸ்ங்கிற செஸ் தளத்துல போட்டா எங்க தப்புன்னு அதுவே சொல்லிடும்." சொல்லும்தான். ஆனால் முதலில் பலகையில் ஆடிப் பார்க்கலாம் என்றேன். அரை மனதோடு காய்களை அடுக்கினான்.

இத்தாலியன் ஓபனிங் என்ற தொடக்கம், இவன் வெள்ளை. எட்டாவது நகர்த்தலில் வெறுமனே 'குதிரை டி2' என்று இருந்தது. பி1 கட்டத்தில் ஒரு குதிரை, எஃப்3-ல் ஒரு குதிரை. இரண்டுமே டி2-க்கு வரலாம். எந்தக் குதிரை என்பதற்கு ஓர் எழுத்து சேர்த்து எழுதியிருக்க வேண்டும். எஃப்3 குதிரைதான் என்று சாதித்தான். சரி, அப்படியே நகர்த்து என்றேன். கொஞ்ச தூரம் போனதும் 'குதிரை இ5-ல் வெட்டு' என்று வந்தது. டி2-லிருந்தோ பி1-லிருந்தோ இ5-க்குப் பாயவே முடியாது. அப்போது போனது பி1 குதிரைதான். இந்தத் துப்பறியும் வேலையில்தான் பயலுக்குச் சுவை தட்டியது.

23-ஆம் நகர்த்தலில் யானையை இழந்திருந்தான். ஆட்டம் அங்கேதான் போனது என்பது அவன் கட்சி. நகர்த்தலுக்குப் பக்கத்தில் மீதி நேரத்தைக் குறித்து வைக்கும் நல்ல பழக்கம் அவனுக்கு உண்டு. 16-க்கு எதிரே 31 நிமிடம், 17-க்கு எதிரேயும் 31. அந்த 17-ல்தான் கேஸ்லிங் செய்து ஓரத்தில் பாதுகாப்பாக வைத்த ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஜி4-க்குத் தள்ளியிருக்கிறான், யோசிக்காமலே. 18-க்கு 25, 22-க்கு 9. அதனால் ராஜாவுக்கு முன் விழுந்த ஓட்டையை அடைக்கவே நேரமெல்லாம் கரைந்திருக்கிறது.

அப்புறம்தான் லிசெஸ் எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசும் நிரலைப் போட்டோம். 23-க்கு இரட்டைக் கேள்விக்குறி, பெருந்தவறு என்று. ஜி4-க்கு 'சின்னத் தவறு' என்ற அளவில் ஒரு குறி, அவ்வளவுதான். எஞ்சின் சொன்னது பொய்யில்லை. ஆனால் பையன் தடுமாறத் தொடங்கிய இடம் அதற்குத் தெரியாது. முன்னாள் உலக சாம்பியன் போட்வினிக் தன் ஆட்டங்களைத் தானே அலசி, பிறர் குறை சொல்லட்டும் என்று அச்சிலும் வெளியிடச் சொன்னவர். அவர் ஆடிய காலத்தில் அலசித் தர எஞ்சின் ஏது!

ஷீட்டின் கடைசிப் பகுதி காலி. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலாகச் சேராத ஆட்டத்தில், கையில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் எழுத வேண்டியதில்லை என்பது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. மேட் ஆன விதத்தை இவன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறான். எதிராளிப் பையனைக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.