பள்ளிச் சமையலருக்கும் காவலருக்கும் அவசரகாலப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர், தூய்மைப் பணியாளர், காவலர் என ஐந்து பேர் பணியாற்றுகிறார்கள். சென்ற மாதம் தீயணைப்பு ஒத்திகை நடந்தபோது ஆசிரியர்களும் மாணவர்களும் மைதானத்தில் கூடினோம். இந்த ஐவரையும் அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் சமையலர் அம்மா, சமையற்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பானைக் காட்டி, "இதை எப்படித் திறக்கிறது டீச்சர்?" என்று கேட்டார். அவர் தினமும் அதனடியில் நின்றுதான் சமைக்கிறார். இருவருக்குச் சரளமாகப் படிக்க வராது என்பதால் கையேடு கொடுத்துப் பயனில்லை. எதை முதலில் கற்றுக்கொடுப்பது?

பதில் – ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்

அம்மா, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையற்கூடத்தில் தொடங்கிக் கூரைக்குப் பரவியது. அதையொட்டிய வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆசிரியர்களுக்கு மட்டுமன்றிப் பிற பணியாளர்களுக்கும் பயிற்சி தரவேண்டும் என்கிறது. ஆகவே இது நீங்கள் காட்டும் சலுகை அன்று, அவர்களுக்கு உரியது.

முதலில் எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கும். வாடை வந்தால் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த நேரத்தில் மின்விசிறியைப் போடவும் கூடாது, ஓடுவதை நிறுத்தவும் கூடாது; சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூடவேண்டும். தீயணைப்பானைச் சொல்லிக் கொடுத்தால் போதாது. ஊசியை உருவி, தீயின் அடிப்பகுதியைக் குறிபார்த்து, பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீச அவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். சில நொடிகளில் தீர்ந்துவிடும் கருவி அது. சிறு தீக்கு மட்டுமே உதவும், தீ பெருகினால் குழந்தைகளோடு வெளியேறி 101ஐ அழைக்க வேண்டும் என்பதும் அப்போது தானாகப் புரியும்.

பதில் – சத்துணவு அமைப்பாளர்

தீக்காய முதலுதவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மையத்தில் உதவியாளர் ஒருவரின் காலில் கொதிக்கும் சாம்பார் கொட்டியபோது பதற்றத்தில் பற்பசையைப் பூசிவிட்டோம். மருத்துவமனையில் அதைக் கழுவி எடுக்கும்போது அவர் துடித்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டியிருந்தால் போதும் என்றார் மருத்துவர். பயிற்சியைக் காலையில் வைக்காதீர்கள், உலை கொதிக்கும்போது எங்களால் வர இயலாது. பாத்திரம் கழுவி முடித்தபின் இரண்டரை மணிக்கு வையுங்கள்.

பதில் – உடற்கல்வி ஆசிரியர்

காவலர் தேநீர் குடிக்கப் போயிருக்கும் நேரத்தில், முன்னறிவிப்பின்றி ஒருமுறை ஒத்திகை நடத்திப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அப்படிச் செய்தபோது பின்வாசல் பூட்டியிருந்தது, சாவி அவர் இடுப்பில் இருந்தது. மெயின் சுவிட்ச் எங்கே என்பது தூய்மைப் பணியாளருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மைதானத்தில் தலை எண்ணும்போது சமையற்கூடத்தினரையும் சேர்த்து எண்ணுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வியாழன் இரண்டரை மணிக்கு ஐவரையும் அழைத்திருக்கிறேன். பின்வாசலுக்கு இரண்டாவது சாவி இன்றே செய்யச் சொல்லிவிட்டேன். அது சமையலர் அம்மாவிடம் இருக்கும்.