உதவி: ராட்டினக் கணக்குல பெட்டி மேலே ஏறவே மாட்டேங்குது

கயல் (ப்ளஸ் ஒன்)
சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தை வெச்சு சார் ஒரு கணக்கு குடுத்திருக்கார். உச்சி 165 மீட்டர், சக்கரத்தோட விட்டம் 150 மீட்டர், ஒரு சுற்றுக்கு 30 நிமிஷம்னு வெச்சுக்கணும். அடியில ஏறும்போது நேரம் 0. நான் எழுதினது (காஸ்னா கொசைன், cos):

உயரம் = 90 − 75 × காஸ்(2 × பை × நேரம் ÷ 30)

0 போட்டா 15 மீட்டர், சரி. 15 போட்டா 165 வரணும், ஆனா 15.11தான் வருது! வரைபடமும் கிட்டத்தட்ட படுக்கைக் கோடா இருக்கு. வீச்சு, அதாவது நடு உயரத்துலேருந்து மேலயும் கீழயும் போற அளவு, 75ங்கறது தப்பா?

மதுரைக்காரன்
நேரத்தை விநாடியில போட்டுப் பாரும்மா.

கயல்
அண்ணா, 900 போட்டேன், 164.18 வருது! அப்போ தசமம்தான் கொஞ்சம் பிசகுதா?

கணக்கு வாத்தியார்
இல்லம்மா, அது குருட்டாம்போக்குல வந்த விடை. 1800 போட்டுப் பார். 18.27 வரும். ஒரு சுற்று முடிஞ்சா பெட்டி 15 மீட்டருக்கே வரணும், மூணு மீட்டர் மேலேயே நின்னா எப்படி இறங்குறது?

உன் சூத்திரத்துல குறையே இல்லை. கால்குலேட்டர் பாகையில (டிகிரியில) இருக்கு. 2 பைங்கறது ரேடியன்ங்கற இன்னொரு கோண அலகுல முழுச் சுற்று; கால்குலேட்டரோ அதை வெறும் 6.28 பாகைன்னு எடுத்துக்குது. அதனால 15 நிமிஷத்துல உன் சக்கரம் 3.14 பாகைதான் திரும்பியிருக்கு. விநாடியா மாத்தினதும் 6.28 அறுபது மடங்காகி சுமார் 377 ஆச்சு. அது 360க்குப் பக்கத்துல இருக்கறதால சரி மாதிரித் தெரியுது, அவ்வளவுதான்.

ரேடியனுக்கு மாத்து. இல்லேன்னா பாகையிலேயே வெச்சு காஸ்(12 × நேரம்)னு எழுது, நேரம் நிமிஷத்துல.

அப்புறம் 5, 10, 15 மூணையும் போட்டுப் பார்.

கயல்
52.5, 127.5, 165! சார், முதல் அஞ்சு நிமிஷத்துல 37.5 மீட்டர், அடுத்த அஞ்சுல 75, கடைசி அஞ்சுல மறுபடி 37.5. சக்கரம் ஒரே வேகத்துலதானே சுத்துது?

கணக்கு வாத்தியார்
சக்கரம் ஒரே வேகம்தான், நிமிஷத்துக்கு சுமார் 15.7 மீட்டர். ஆனா அடியிலயும் உச்சியிலயும் பெட்டி பக்கவாட்டுல போகுது. சக்கரத்தோட மைய உயரமான 90 மீட்டர்ல இருக்கும்போதுதான் முழு வேகமும் மேல்நோக்கி. இந்தக் கணக்கோட ருசியே இதுலதான் இருக்கு. வீச்சு, காலம்னு மனப்பாடம் பண்றவங்க இதைப் பார்க்கறதே இல்லை.

கயல்
நன்றி சார். கடைசிக் கேள்வி, 140 மீட்டருக்கு மேல எவ்வளவு நேரம் இருக்கும்? காஸ் மதிப்பு −2/3, கோணம் 131.81, அதை 12ஆல வகுத்தா 10.98. விடை இதானா?

மதுரைக்காரன்
அது 140ஐத் தொடுற நேரம்மா. இறங்கும்போதும் ஒரு தடவை தொடும்ல?

கணக்கு வாத்தியார்
ஆமா, 30 − 10.98 = 19.02. நடுவுல இருக்கற 8 நிமிஷத்துச் சொச்சம்தான் விடை.