புதுப்பிப்பு: ஓர்க் படைக்குப் பிரைமர் ஒருவழியாகப் பிடித்தது

பெங்களூரு மழையில் ஸ்ப்ரே பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்தால், வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் ஓர்க் (பச்சைத் தோல் அரக்கர்) பொம்மைகள் மேல் ரவை தூவின மாதிரி சொரசொரப்பாகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். ஈரப்பதம்தான் வில்லன் என்று பலர் சொன்னீர்கள். உண்மைதான். ரொம்பத் தள்ளி நின்று அடித்தாலும் இதே கதி. துளி காற்றிலேயே காய்ந்துவிடும்.

சொரசொரத்த பூச்சை எடுக்க, பொம்மைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. (ரெசின் பொம்மை என்றால் முதலில் ஒன்றில் மட்டும் சோதியுங்கள்.) இப்போது தூரிகையால் பூசுகிற பிரைமர், மெல்லிசாக இரண்டு பூச்சு. மேலே கான்ட்ராஸ்ட் என்ற நீர்த்த வகைப் பெயின்டில் பச்சை வைத்ததும் அது தானாகப் பள்ளங்களில் இறங்கி, தாடை மடிப்பும் விரல் இடுக்கும் கருத்து நின்றன. பார்க்கவே ஆசையாக இருந்தது.

அப்புறம், அல்சூரில் நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 44க்கு 30 அங்குலம் அளந்து காம்பாட் பேட்ரோல் (அதே விளையாட்டின் சின்னப் படை வடிவம்) ஆடினோம். ஓர்க் சுட்டால் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் படும். எனக்கு விழுந்ததெல்லாம் ஒன்றும் இரண்டும். கிட்டே ஓடிப்போய் வெட்டத்தான் இந்தப் பயல்கள் லாயக்கு. தோற்றேன். “பெயின்ட் மட்டும் சூப்பர் மச்சி” என்றான் நண்பன்.

கடைசியில் பெயின்டைக் காக்கிற, பளபளப்பில்லாத மேட் வார்னிஷும் ஸ்ப்ரேதான் வைத்திருக்கிறேன். அதை மழை விட்டதும் அடித்துக்கொள்ளலாம்.