பரங்கிக்காய் கேக் நடுவில் அமுங்கிய கதை – உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்

பரங்கிக்காய் கேக் நான் பல வருடமாகச் செய்கிறேன். 250 கிராம் மைதா, ஒரு கப் பரங்கி விழுது, மூன்று முட்டை என்று அளவெல்லாம் கைக்கே மனப்பாடம். போன மாதம் அதே அளவில் செய்தது ஓவனில் அழகாக எழும்பியது. வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் நடுவில் குழி விழுந்தது. வெட்டினால் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் களி. மனசே விட்டுப்போனது.

முதலில் பேக்கிங் பவுடரைத்தான் சந்தேகப்பட்டேன். கொஞ்சம் எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே பொங்கியது. ஓவனும் வழக்கமான 180 டிகிரிதான். அப்புறம்தான் காய் நினைவுக்கு வந்தது. எப்போதும் நான் வாங்குவது, பறித்துச் சில வாரம் ஆன, தோல் இறுகிய காய். இந்த முறை கிடைத்தது கொடியிலிருந்து அப்போதுதான் பறித்தது. போதாததற்கு ஓவனில் சுடாமல், அவசரத்தில் தண்ணீரில் வேகவைத்து அரைத்திருந்தேன்.

மீதி விழுதில் 400 கிராமை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் 110 கிராம் தண்ணீர்! இவ்வளவு தண்ணீரும் மாவோடு போனால் கேக் எப்படி நிற்கும்?

இப்போது காயை இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, வெட்டிய பக்கத்தைத் தட்டில் கவிழ்த்து 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுடுகிறேன். மசித்ததை ஒரு கரண்டி தட்டில் வைத்துப் பார்ப்பேன். சுற்றி நீர் கசிந்தால் துணியில் வடிகட்டுவேன். கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறிவிட்டேன். இன்னொன்று, பறித்து வைத்திருக்கும் காயில் நாளாக ஆக மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அதனால் பழைய காய் என்றால் 200 கிராம் சர்க்கரையை 160 ஆகக் குறைக்கிறேன்.

• • •

அக்கா, வாழைப்பழத்தில் எனக்கு இதே தொந்தரவு. தோல் கறுத்த பழங்களைத் தோலோடு ஃப்ரீசரில் சேர்த்து வைப்பது வழக்கம். வெளியே எடுத்து உருகவிட்டால் பழம் நிறைய நீர் விடும். அதை அப்படியே ஊற்றி ஒரு தடவை கேக்கைப் பாழாக்கினேன். கீழே கொட்டவும் மனசு வரவில்லை, ஏனென்றால் வாசனையெல்லாம் அதில்தான் இருக்கிறது. இப்போது சின்னப் பாத்திரத்தில் அந்த நீரைப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் பழத்தோடு சேர்க்கிறேன். ஒரு துளி கூட வீணாவதில்லை. கேக் மறுநாள் இன்னும் மணக்கிறது.

மஞ்சள் தோல் பழத்தை வைத்து மட்டும் செய்யாதீர்கள். கேக்கில் மணமே ஏறாது.

• • •

என்னுடையது ஈரப் பிரச்சினை இல்லை, நிறம். ப்ளூபெர்ரி விலை குறைந்திருந்த நாளில் நிறைய வாங்கி மஃபின் செய்தேன். பழத்தைச் சுற்றிப் பாசி பிடித்தது போலப் பச்சை. பூஞ்சை என்று பயந்து அத்தனையையும் கொட்டிவிட்டேன். இப்போதும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவற்றில் ஒரு கெடுதலும் இல்லை. அந்தப் பழத்தின் நிறமி புளிப்பில் சிவக்கும், சமையல் சோடா தரும் காரத்தன்மை கூடினால் நீலமும் பச்சையுமாகும். தயிர் தீர்ந்துவிட்டதென்று பாலை ஊற்றிவிட்டு, சோடாவை மட்டும் பழைய அளவிலேயே போட்டிருந்தேன். சோடாவைச் சரிக்கட்டப் புளிப்பு எதுவும் இல்லை. அதன் பிறகு பால் ஊற்றும் நாளில் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர்தான். பச்சை வந்ததே இல்லை.

• • •

முதல் பதிவு எழுதியவள்தான். வாழைப்பழ நீரைச் சுண்டவைக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி தம்பி. பரங்கியில் வடிந்த 110 கிராமையும் நேற்று அப்படியே சுண்டவைத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்பூன் பாகு கிடைத்தது, நல்ல இனிப்பு. அடுத்த கேக்கில் அதை விழுதோடு கலக்கப்போகிறேன். கேரட்டைத் துருவிப் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? துருவலில் சர்க்கரையைக் கலந்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே நீர் விட்டுக்கொள்கிறது. நீங்கள் பிழிகிறீர்களா, இல்லை கடைசியில்தான் சேர்க்கிறீர்களா?