கடற்கரையில் வாட்டர்கலர்: வெளிச்சம் ஓடிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தரங்கம்பாடியில் விடியற்காலையில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைகிறேன். டேனிஷ் கோட்டை கடலை ஒட்டியே இருப்பதால், சூரியன் எழும்பும்போது சுவரில் ஆரஞ்சு நிறம் ஏறும். அரை மணி நேரம்கூட நிற்காது. வெளுத்துவிடும், நிழலும் நகர்ந்துவிடும்.

சிக்கல் ஈரக்காற்றுதான். வானத்துக்குப் போட்ட முதல் வாஷ் (தண்ணீராகக் கரைத்துப் பூசும் நிறம்) காய்வதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது. காயாமல் அடுத்த நிறத்தை வைத்தால் ஓரமெல்லாம் பூப்பூவாகப் பரவுகிறது. தாள் 300 ஜிஎஸ்எம் காட்டன், நல்ல கனமானது, அதைக் குறை சொல்ல முடியாது.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1880களில் பிரான்ஸின் எத்ரெதா கடற்கரையில் பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். (தூக்கிவரப் பிள்ளைகள் இருந்தார்கள், கொடுத்துவைத்தவர்!) அது எண்ணெய் வண்ணம். வாட்டர்கலரில் அப்படிச் செய்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இல்லை, காலையில் நிறக்குறிப்பு மட்டும் எடுத்து வீட்டில் முடிப்பதுதான் சரியா? போட்டோ பார்த்து வரைந்தால் நிழலெல்லாம் கறுப்பாக வருகிறது, அது வேண்டாம்.

அப்புறம், அலை வடிந்த ஈர மணலில் வானம் பளபளக்குமே, அதற்குத் தாளை வெள்ளையாகவே விட்டுவைப்பீர்களா, கடைசியில் வெள்ளை குவாஷ் (அடிநிறத்தை மறைக்கும் கெட்டி வண்ணம்) வைப்பீர்களா? கடலோரத்தில் வரைந்து பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.