இரண்டு பேருக்கும் சமமான நேரம், ஆனாலும் ஏதோ சரியில்லை: விவாத நிகழ்ச்சியில் ஓரவஞ்சனையை எப்படி அளப்பது?

தேன்மொழி கேட்டது:

வணக்கம். மூன்று வருடமாகத் தொலைக்காட்சி அரசியல் விவாதங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறேன். ஒளிபரப்பு முடிந்த பிறகு, காது கேளாதவர்களும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுகிற பதிவுக்கான வேலை. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு எனக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மற்றவர்கள் ஒருமுறை கேட்டு மறக்கிற வாக்கியத்தை நான் நாலு தடவை திருப்பிக் கேட்பேன்.

போன மாதம் ஒரு நிகழ்ச்சி. ஆளும் தரப்பில் ஒருவர், எதிர்த்தரப்பில் ஒருவர், ஒரு பொருளாதார ஆசிரியர், ஒரு பத்திரிகையாளர். எழுதி முடித்ததும் மனம் உறுத்தியது. நெறியாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தோன்றியது. ஒவ்வொரு வரிக்கும் நேரக்குறி என்னிடம் இருக்கிறதே என்று கூட்டிப் பார்த்தேன். கட்சிக்காரர்கள் இருவருக்கும் 11 நிமிடத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் 20 வினாடிகூட இல்லை.

அப்புறம் வேறு மாதிரி எண்ணினேன். ஒருவரின் பேச்சு எத்தனை துண்டாக உடைந்திருக்கிறது? ஆளும் தரப்புக்காரருடைய 11 நிமிடம் 9 துண்டு. எதிர்த்தரப்புக்காரருடையது 34 துண்டு. அவர் பேசிய பெரும்பாலான வாக்கியங்களுக்கு வினைமுற்றே இல்லை. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். "அந்த மசோதாவை நாங்கள் அன்றைக்கே" என்ற இடத்தில் ஒருவரை வெட்டிவிட்டால், ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்பது யாருக்கும் தெரியாது. 11 நிமிடம் பேசியும் அந்த மனிதர் ஒன்றுமே சொல்லாதவராகப் போய்விட்டார்.

என் முதல் கேள்வி இதுதான்: நேரம் சமமாக இருந்தால் நடுநிலை என்று சொல்லிவிட முடியுமா?

இரண்டாவது கேள்வி என்னைப் பற்றியது. திரையில் எனக்கு இரண்டு வரிதான் இடம். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யார் சொல்வதை எழுத? இதுவரை சத்தமாகக் கேட்கிறவருடையதை எழுதிவந்தேன். அது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. சத்தம் போட்டவருக்கு நானும் சேர்ந்து மைக் கொடுத்திருக்கிறேன்.

பழைய பேனல்காரன்:

தேன்மொழி, எட்டு வருடம் விவாத நிகழ்ச்சிக்குப் பேனல் பிடிக்கும் வேலை பார்த்தவன் நான். யாரை அழைப்பது, யாரை யாருக்கு எதிரே உட்கார வைப்பது எல்லாம் என் பொறுப்பு. உங்கள் துண்டுக் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் சாய்வு பெரும்பாலும் விளக்கு போடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். மதியக் கூட்டத்தில் தலைப்பு வைப்போம். "இந்தத் திட்டம் பலன் தருமா?" என்று கேட்டால் இரண்டு பக்கமும் நிற்க இடம் உண்டு. "இந்தத் திட்டம் ஏன் தோற்றது?" என்று கேட்டால் ஒருவர் வரும்போதே குற்றவாளிக் கூண்டில்தான் உட்காருவார்.

அடுத்தது ஆள். ஒரு பக்கம் புள்ளிவிவரத்தோடு வருகிற பேச்சாளர், மறுபக்கம் கோபப்பட்டுத் தடுமாறுகிறவர். தலை எண்ணினால் ஒன்றுக்கு ஒன்று, கணக்கு சரி. ஒரு நாள் தெரிந்தே அப்படி ஒருவரை அழைத்தேன். அவர் தோற்பார் என்று எனக்குத் தெரியும், மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். நிகழ்ச்சி முடிந்து போகும்போது அவர் என் கையைப் பிடித்து, வாய்ப்பு கொடுத்ததற்கு நன்றி என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெயருக்குக் கீழே போடுகிற பட்டமும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்காகவே பேசுகிறவரை "அரசியல் விமர்சகர்" என்று போட்டால், பார்க்கிறவர் அவரை நடுவர் என்று நம்பிவிடுவார்.

நெறியாளர் வெட்டுவதையெல்லாம் ஓரவஞ்சனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் காதில் கன்ட்ரோல் ரூம் பேசிக்கொண்டே இருக்கும். "பிரேக்குக்கு 40 வினாடி, முடிக்கச் சொல்லுங்கள்" என்று குரல் வந்தால் யாராக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும். கேள்விக்குத் திரும்ப வைக்க வெட்டுவது ஒன்று, பதில் வந்துவிடக் கூடாது என்று வெட்டுவது வேறு.

குறுக்கே புகுவதுகூடச் சில சமயம் பேசுகிறவருக்கு நல்லதுதான். 1976 அக்டோபரில் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ஃபோர்டும் கார்ட்டரும் மோதிய விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஃபோர்டு சொன்னார். கேள்வி கேட்ட பத்திரிகையாளர் மாக்ஸ் ஃபிராங்கெல் உடனே குறுக்கிட்டு, நீங்கள் சொல்வதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற பொருளில் மறுபடி கேட்டார். திருத்திக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஃபோர்டு அதையே மீண்டும் சொன்னார், அந்தத் தேர்தலில் தோற்கவும் செய்தார். ஃபிராங்கெல் செய்ததை நான் ஓரவஞ்சனை என்று சொல்லமாட்டேன். நெறியாளர்கள் எல்லோரும் அப்படிக் கேட்க வேண்டும், இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும்.

நேரக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக நடந்த 2024 செப்டம்பர் 10 விவாதத்தைப் பாருங்கள். டிரம்ப் ஹாரிஸைவிட ஏறக்குறைய 5 நிமிடம் கூடுதலாகப் பேசினார். ஆனால் நெறியாளர்கள் இருவரும் பேச்சின் நடுவே பலமுறை திருத்தியது டிரம்ப் சொன்னதை. ஒருவர் ஸ்டாப்வாட்சைக் காட்டுவார், மற்றவர் திருத்தங்களை எண்ணிக் காட்டுவார். சொன்னது தவறாக இருந்தால் திருத்தத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எதிராளி சொல்கிற தவறையும் அதே கண்டிப்போடு பிடித்தார்களா என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

கேமராவையும் விடாதீர்கள். ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் உதட்டைச் சுழிப்பதைக் காட்டினால் பேச்சு அங்கேயே செத்துவிடும். 1981இல் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் நின்ற மித்தராண்டின் தரப்பு, விவாதத்தில் பேசுகிறவரை மட்டுமே காட்ட வேண்டும் என்று விதி கேட்டு வாங்கியது. ஏழு வருடத்துக்கு முந்தைய விவாதத்தில் பட்ட அடி அவர்களுக்கு மறக்கவில்லை.

இருபக்கம்:

குறுக்கே ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1985இல் வல்லோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1982இல் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்டது பற்றிய ஒரே செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் சொன்னது.

அதனால் உங்கள் 34 துண்டை இன்னொருவரும் எண்ணட்டும், அதுவும் உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர். அப்புறம், துண்டு எத்தனை என்று மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு துண்டையும் யார் வெட்டினார் என்று எழுதிப் பாருங்கள்.

வாசிக்கிறவன்:

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உங்களைப் போன்றவர்கள் எழுதுவதுதான் எனக்கு விவாதம். திரையில் நாலு வாய் அசையும், கீழே ஒரு வரி ஓடும். அந்த வரிக்கு உரியவர்தான் பேசுகிறார், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த வரி என்று தெரிகிறது.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். வெட்டுப்பட்ட வாக்கியத்தை நீங்களாக முடித்துவைக்காதீர்கள், மூன்று புள்ளியும் வேண்டாம். புள்ளி வைத்தால் அவரே தயங்கி நிறுத்திவிட்டார் என்றுதான் படும். ஒரு கோடு போடுங்கள், வெட்டியது யார் என்று பெயரைப் போடுங்கள். எல்லோரும் சேர்ந்து பேசினால் யாருடைய வரியும் வேண்டாம், "மூவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்" என்று எழுதினால் போதும். கேட்கிறவர்களுக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் புரியாதுதானே? எனக்கு மட்டும் ஒருவர் தெளிவாகப் பேசியது போல் காட்டினால் அது பொய்.

இன்னொன்று. நெறியாளரின் கேள்வியைச் சுருக்காதீர்கள். இடம் போதவில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். கேள்வி முழுதாக இருந்தால்தான் பதில் வந்ததா வரவில்லையா என்று நானே பார்த்துக்கொள்ள முடியும்.

தேன்மொழி:

எல்லோருக்கும் நன்றி. இருபக்கம் சொன்னபடியே செய்தேன். என் சித்தப்பா எனக்கு நேர்எதிர்க் கட்சி, அவரை உட்கார வைத்து ஒவ்வொரு வெட்டுக்கும் பெயர் எழுதினோம். அவர் கணக்கில் 33, என் கணக்கில் 34. ஒரே ஒரு இடத்தில்தான் சண்டை வந்தது.

நெறியாளர் வெட்டியது 8. மீதி எல்லாம் பக்கத்தில் இருந்த ஆளும் தரப்புக்காரரும் பத்திரிகையாளரும். நான் நெறியாளர்மேல் போட்ட பழியில் பாதிக்கு மேல் அவருடையது இல்லை. ஆனால் அத்தனை வெட்டிலும் "அவர் முடிக்கட்டும்" என்று அவர் சொன்னது இரண்டே தடவை. அதை அவர் கணக்கில்தான் வைக்கிறேன்.

எழுதும்போது கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது. எதிர்த்தரப்புக்காரர் அரங்கத்தில் இல்லை, வீடியோ இணைப்பில் இருந்தார். கேள்வி முடிந்து அவர் உதடு அசைய ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் மற்றவர் புகுந்துவிடுகிறார். பழைய பேனல்காரரே, இணைப்பில் உட்கார வைப்பது யார் முடிவு?

வாசிக்கிறவருக்கு: கோடும் பெயரும் போட்டு அந்த நிகழ்ச்சியை முழுதாக மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். வெட்டியவர் பெயர் போடுவது பற்றி இன்னும் பதில் வரவில்லை.

பழைய பேனல்காரன்:

சில சமயம் அவரே வர முடியாது என்பார். சில சமயம் நாற்காலி இல்லை என்று நாங்கள் சொல்வோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடுத்த பத்து நிகழ்ச்சிகளில் இணைப்பில் யார் உட்காருகிறார்கள் என்று குறித்து வையுங்கள். ஒரே பக்கத்து ஆளே திரும்பத் திரும்ப வந்தால், அது தற்செயல் இல்லை. தாமதம் தெரிந்த நெறியாளர் இணைப்பில் இருப்பவரிடம் கேள்வி கேட்டுவிட்டு, அரங்கத்தில் இருப்பவர்களைக் கை காட்டி நிறுத்திவைப்பார். அந்தக் கை உயர்கிறதா என்று பாருங்கள். சப்டைட்டிலில் அது வராது, படத்தில் தெரியும்.